தண்ணி எந்தப் பக்கம் போகும்?

தரையில் ஈரம் ஏறுகிறது என்று ஒருவர் உங்களைக் கூப்பிட்டால் உங்கள் கை முதலில் எதற்குப் போகும் என்று எனக்குத் தெரியும். டப்பாவுக்குத்தான். சுவரில் பூசுவதற்கு ஒன்று, சிமெண்டில் கலப்பதற்கு ஒன்று, விரிசலுக்குள் ஏற்றுவதற்கு ஒன்று என்று இப்போது கள்ளக்குறிச்சிக் கடைகளிலேயே எல்லாம் கிடைக்கிறது. நல்ல சரக்குதான். நானும் நிறையப் பூசியிருக்கிறேன். எப்படிப் பூசுவது என்று டப்பாவின் மேலேயே எழுதியிருக்கிறது, அதைச் சொல்ல நான் வேண்டியதில்லை. அதில் எழுதாத ஒன்றைச் சொல்லத்தான் கல்வராயன் மலையில் நான் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சிவில் டிப்ளமோ முடித்த நாளிலிருந்து வேலையை விடும்வரை வீடு கட்டியதைவிட வீடு ரிப்பேர் பார்த்ததுதான் எனக்கு ஜாஸ்தி. அதிலும் அஸ்திவாரத்தில் தண்ணீர் இறங்கும் வீடுகள். வயலைத் தூர்த்துக் கட்டியவை, ஏரிக்குப் போகும் வாய்க்காலை மறித்துக் கட்டியவை. சமவெளியில் தண்ணீர் மெதுவாகத்தான் வேலை பார்க்கும். சுண்ணாம்பு உதிரும், கதவு நிலை அரிக்கும், வீட்டுக்காரர் இரண்டு மழை பார்த்துவிட்டுத்தான் நம்மைக் கூப்பிடுவார். யோசிக்க நேரம் இருக்கும். மலையில் அந்த நேரம் கிடைக்காது.

ஏழுமலை என்று ஒருவர், மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுபவர். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த வாரத்தில் கூப்பிட்டார்.

"மேடம், பின்னறை தரையில தண்ணி ஏறிக்கினே இருக்குது. பொண்ணு பிரசவத்துக்கு வந்து, பச்ச புள்ளையோட அங்கதான் படுத்திருக்கு. ஒரு கோட்டிங் அடிச்சா நிக்காதா?"

பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன். என்னோடு எப்போதும் வேலை பார்க்கும் தனபால் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு, மறுநாள் காலை அவருடைய வண்டியிலேயே கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். மழை இல்லை. ஆனால் மேகம் இறங்கி ரோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

வீடு சரிவில் இருந்தது. பின்பாதி மலையை வெட்டிச் சமப்படுத்திய மண்ணின் மேல். முன்பாதி சரிவுக்கு மேலே, கருங்கல் தூண்களில் தூக்கி நிறுத்தியது. அதனால் முன்னறைக்கு அடியில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு வெற்றிடம். அதற்குள் விறகும் கோழிக்கூடும் வைத்திருந்தார்கள். அந்த இடத்தின் உள்பக்கக் கோடியில் ஒரு கல்கட்டு. பின்னறைகளின் அடிமண் முழுவதையும் சரியாமல் பிடித்து நிறுத்துவது அந்தக் கல்கட்டுதான். மேலே சிமெண்ட் ஷீட். கையில் இருந்ததையெல்லாம் போட்டுக் கட்டிய வீடு என்று பார்த்ததும் தெரிந்தது.

பின்னறையில் ஏழுமலையின் மகள் கட்டிலில் குழந்தையோடு இருந்தாள். தரையில் சாக்கு விரித்திருந்தார்கள். சாக்கைத் தூக்கினால் டைல்ஸ் இடுக்குகளில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. சுத்தமான, சில்லென்ற தண்ணீர். கூரை ஒழுகினால் அப்படி இருக்காது. இது மலைக்குள்ளிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர். தனபால் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சத்தம் சரியில்லை, அடியில் வெற்றாகக் கேட்டது.

டார்ச்சை வாங்கிக்கொண்டு நான் முன்னறைக்கு அடியில் நுழைந்தேன். பாதி தூரம் போனதுமே நின்றுவிட்டேன்.

அந்தக் கல்கட்டு காய்ந்திருந்தது. ஒரு வாரமாக மழை. மேலே தரையில் தண்ணீர் ஊறி நிற்கிறது. அதற்கு நேர் கீழே இருக்கும் கல்கட்டில் ஒரு சொட்டு இல்லை. ஈரத்தைப் பார்த்து நான் அவ்வளவு பயந்ததில்லை. டார்ச்சை நகர்த்தினேன். கற்களுக்கு நடுவே வரிசையாக, வட்ட வட்டமாக, புது சிமெண்ட் திட்டுகள். நடுப்பகுதியில் கட்டு வயிறு தள்ளினாற்போல முன்னால் வந்திருந்தது. வடிய வழியில்லாத தண்ணீர் பின்னால் தேங்கி அதைத் தள்ளிக்கொண்டிருந்தது. திரும்பாமல், வந்த வழியிலேயே பின்னுக்கு நகர்ந்து வெளியே வந்தேன்.

"தண்ணி வடியறதுக்குத் துளை வுட்டுத்தான் கட்டியிருக்காங்க. அடைச்சது யாரு?"

ஏழுமலை கோழிக்கூட்டைப் பார்த்தார். "எலி வந்து பூந்துக்குது மேடம். அதான்..."

வாசலில் நின்றிருந்த அவர் மனைவி அலமேலுவுக்குப் பொறுக்கவில்லை. "எலியாம் எலி! யக்கா, கீழ இருக்கறது இவங்க அண்ணன் கொல்லை. போன மழைக்கு இந்தத் துளைத் தண்ணியெல்லாம் அங்க எறங்கி மரவள்ளி ஒரு மூலை அழுவிப் போச்சு. அவரு ஊர்ப் பெரியவங்கள வச்சிப் பேசி, உன் வூட்டுத் தண்ணி என் நெலத்துல வரக்கூடாதுன்னுட்டாரு. இவரு ரோசத்துல அன்னிக்கே சிமெண்ட்ட கொழச்சிக்கினு உள்ள பூந்துட்டாரு."

"வரக்கூடாதுன்னா நான் இன்னா பண்றது?" என்றார் ஏழுமலை. "தண்ணிய இன்னா மடியில கட்டிக்கினு உக்காரதா?"

போனில் அவர் சொன்னதெல்லாம் உண்மைதான். முக்கியமானதை மட்டும் சொல்லவில்லை. வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. நம்மிடம் வருபவர்கள் பாதிப் பேர் இப்படித்தான். அக்கம்பக்கத்துச் சண்டைக்கும் ஈரத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவர்களுக்கே தோன்றாது. நாமும் கேட்க மாட்டோம்.

அங்கே நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தூறிப் பெருத்த மழை இல்லை. எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் வாசல்வரை ஓடி வந்தது. உள்ளேயிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"அம்மா, கதவு சாத்த வரல!"

போய்ப் பார்த்தேன். காலையில் சாதாரணமாகத் திறந்து மூடிய பின்னறைக் கதவு நிலையில் இடித்து நின்றது. கட்டில் காலுக்குப் பக்கத்தில் டைல்ஸ் வரிசையில் கோடு போட்டாற்போல ஒரு விரிசல். நான் வந்தபோது அது இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். கல்கட்டு நிற்குமா, எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்பவரை நம்பவும் வேண்டாம். முதலில் ஆட்கள். "பொண்ணையும் புள்ளையையும் இப்பவே வெளிய கொண்டாங்க" என்றேன்.

"இந்த மழையிலயா யக்கா? பச்ச ஒடம்பு. எங்க கொண்டு போறது?"

பக்கத்தில் உறுதியான வீடு ஒன்றுதான் இருந்தது. சரிவின் ஓரத்தில், பாறை மேல் கட்டிய வீடு. அண்ணன் பொன்னுசாமியின் வீடு.

அலமேலு தலையை ஆட்டினாள். "அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். ஊரே கூடி நிக்க எங்கள அசிங்கப்படுத்துன வூடு அது." அந்தப் பெண் மட்டும் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டே, "பெரியப்பா வூடுதான? நான் போறேன்" என்றாள்.

அவர்களைச் சமாதானப்படுத்த நேரமில்லை. தனபாலிடம், "யாரையும் அடியில நுழைய வுடாத, நீயும் நுழையாத" என்று சொல்லிவிட்டு நானே ஓடினேன்.

பொன்னுசாமி கதவைத் திறந்து நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலையைவிட நல்ல உயரம். முகத்தில் சிரிப்பே இல்லாத ஆள். நான் யார் என்று சொன்னேன். "உங்க தம்பி வூட்டு அடிக்கட்டு சாயப் போவுது. உள்ள பச்ச புள்ளையும் தாயும் இருக்காங்க. இங்க வச்சிக்கணும்."

அவர் வாய் திறப்பதற்குள் அவர் மனைவி உள்ளேயிருந்து வந்துவிட்டார். என்னைக்கூடப் பார்க்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். பொன்னுசாமி நகரவில்லை.

"கட்டுக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

"அடைச்ச தண்ணிய வெளிய வுடணும். இல்லன்னா மொத்த வூடும் போயிடும்."

"அது எங்க போவும்?"

கொஞ்சம்தான் வரும், பக்கவாட்டில் திருப்பிவிடுவோம், உங்கள் கொல்லைக்கு ஒன்றும் ஆகாது என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். அவர் சரி என்றிருப்பார். வேலை நடந்திருக்கும். ஆனால் மரவள்ளி கிழங்கு பிடித்து நிற்கிறது, வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். நான் பொய் சொன்னால் அது அண்ணன் தம்பிக்குள் இன்னொரு சண்டையாகத்தான் முடியும். அதன் பிறகு அந்தத் துளைகளை யார் மறுபடி அடைப்பார்கள், எப்போது அடைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

"உங்க கொல்லைக்குத்தான் போவும்" என்றேன். "சேறும் சேர்ந்து வரும். வேற எறக்கம் இல்ல."

அவர் என்னையும் பார்த்தார், தம்பி வீட்டையும் பார்த்தார். மழையில் ஓரகத்திகள் இருவரும் நடுவில் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். குழந்தை மேல் ஒரு தார்ப்பாய். அலமேலு வாசற்படியை மிதித்து உள்ளே போனாள்.

பொன்னுசாமி மூலையில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தார். "மொத்தக் கொல்லையிலயும் பரவ வுட்டாதான் அழுவும். நடுவுல ஒரு வாய்க்கா இழுத்து ஓடைல சேத்துட்டா ரெண்டு சாலு செடி போவும், அவ்ளோதான். நான் கீழ வெட்டுறேன். வெட்டி முடிக்கங்காட்டியும் நீங்க தொறக்காதீங்க."

நான் அதைக் கேட்கவில்லை. அவராகச் சொன்னது.

அதன் பிறகு செய்ததில் ஒன்றை மட்டும் விளக்குகிறேன். எல்லாரும் முதலில் துளையைத் திறக்கத்தான் பறப்பார்கள். அதற்கு முன்னால் மேலேயிருந்து வரும் தண்ணீரை நிறுத்த வேண்டும். தனபாலும் நானும் வீட்டுக்குப் பின்னால், சுவரை ஒட்டி அல்ல, நன்றாகத் தள்ளி, மேட்டின் மேலேயே குறுக்காக ஒரு வாய்க்கால் கீறினோம். சுவரை ஒட்டித் தோண்டியிருந்தால் ஊறிப்போன மண்ணுக்கு இருந்த கடைசிப் பிடியும் போயிருக்கும். ஓடிவந்த செம்மண் தண்ணீர் பாதிக்கு மேல் பக்கவாட்டில் திரும்பியது. அடுத்தது துளை. வயிறு தள்ளிய நடுப்பகுதியைத் தொடக்கூடாது. கல்கட்டின் ஒரு முனை வீட்டின் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துளையை, எதிரே நிற்காமல், ஓரமாக நின்று நீளக் கடப்பாரையால் குத்தித் திறக்கலாம் என்று முடிவு செய்தோம்.

கீழே பொன்னுசாமி வெட்டிக்கொண்டிருந்தார். கிழங்கு பிடித்து நிற்கும் செடிகளைத் தானே பிடுங்கி இரண்டு பக்கமும் எறிந்துகொண்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் தம்பியைத் திட்டிக்கொண்டு. "வூடு கட்டுறவன் கீழ இருக்கறவன கேட்டுட்டுக் கட்ணுமா இல்லியா? மலையில பொறந்தவன்தான நீ?" மழைச் சத்தத்தையும் மீறி மேலே கேட்டது.

அப்போதுதான் ஏழுமலையைக் காணோம் என்று கவனித்தேன்.

முன்னறைக்கு அடியில் டார்ச் வெளிச்சம் அசைந்தது. கையில் சின்னக் கடப்பாரையோடு அவர் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்.

"ஏழுமலை! வெளிய வாங்க!"

"நான் அடைச்சது மேடம். நானே தொறந்துட்றேன்."

தனபால் கத்தினார். நான் கத்தினேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. கீழே இருந்த அண்ணன் மட்டும் என்ன நடக்கிறது என்று எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சேற்றில் வழுக்கிக்கொண்டே மேலே ஏறி வந்தார். மண்டியிட்டு, உள்ளே கையை விட்டு, தம்பியின் கணுக்காலைப் பிடித்தார். ஒரே இழுப்பு. ஏழுமலை விறகையெல்லாம் தள்ளிக்கொண்டு குப்புற வெளியே வந்தார். பொன்னுசாமி அவர் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார்.

"செத்துப் போயிட்டு என் மேல பழி போடப் பாக்குறியா?"

ஏழுமலை சேற்றில் உட்கார்ந்து அழுதார். பெரிய ஆள், கைக்குழந்தைக்குத் தாத்தா, அப்படி அழுதார். அண்ணன் அவரை எழுப்பவில்லை. விட்டுவிட்டும் போகவில்லை. பக்கத்திலேயே நின்று மூச்சு வாங்கினார். பிறகு, "வா, வாய்க்கா இன்னும் முடியல" என்றார்.

வாய்க்கால் ஓடையைத் தொட்டதும் தனபால் ஓரத்துத் துளையைக் குத்தினார். சிமெண்ட் திட்டு தெறித்தது. முதலில் காற்று போல ஒரு சீறல், பிறகு தொடை கனத்துக்குத் தண்ணீர். செடிகள் பிடுங்கிய அந்தப் பள்ளத்தில் விழுந்து அது ஓடையை நோக்கி ஓடுவதை நாங்கள் நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு அடியில் ஒரு முனகல் கேட்டது. கல்கட்டின் நடுப்பகுதி முன்னால் சரிந்து, கோழிக்கூட்டின் மேல், விறகின் மேல், ஏழுமலை நுழைந்த இடத்தின் மேல் விழுந்தது. மேலே பின்னறைத் தரை ஒரு பக்கமாக உள்வாங்கியது. கட்டில் சாய்ந்தது.

அவ்வளவுதான் போனது. முனைகள் இரண்டும் நின்றன, சுவர் விரிசலோடு நின்றது, கூரை நின்றது. தண்ணீர் முன்பே இறங்கியிருக்காவிட்டால் பின்னாலிருந்த மண் முழுவதும் குழம்பாகி முன்னறைத் தூண்களையும் தள்ளிக்கொண்டு போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம். தனபாலும் அதையேதான் சொல்வார்.

மழை விட்டபின் பொன்னுசாமி வீட்டில் ஆளுக்கொரு டம்ளர் டீ குடித்தோம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அலமேலு அடுப்பங்கரையில் நின்று தன் ஓரகத்தியின் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தாள்.

தை பிறந்ததும் அந்தக் கல்கட்டை மறுபடி கட்டினோம். பின்னால் சல்லி போட்டு, துளை விட்டு, மேட்டில் நிரந்தரமாக ஒரு வாய்க்கால் எடுத்து. எப்படி என்பதை நீங்கள் காலேஜிலேயே படித்திருப்பீர்கள். அடியில் நுழைந்து வேலை பார்க்கும் இடத்துக்கு மழையில் யாரையும் அனுப்பாதீர்கள், தானாகப் போகிறேன் என்பவரையும் விடாதீர்கள் என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன். குற்ற உணர்ச்சியில் இருப்பவர் நாம் சொல்வதைக் கேட்க மாட்டார். அவர் மேல் ஒரு கண் வைக்க ஒரு ஆளைத் தனியாக நிறுத்துங்கள். எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை. அண்ணனுக்குத் தோன்றியது.

டப்பாவில் எழுதாத விஷயம் என்று சொன்னேனே, அது இவ்வளவுதான்: ஒரு வீட்டிலிருந்து தண்ணீரை வெளியேற்றுகிறோம் என்றால் இன்னொருவர் இடத்துக்கு அனுப்புகிறோம். அந்த இன்னொருவரை நேரில் போய்ப் பாருங்கள். அவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

சில வருஷங்கள் கழித்து, நான் வேலையைக் குறைத்துக்கொண்டிருந்த சமயம், பொன்னுசாமி கூப்பிட்டார். மகனுக்கு வீடு கட்ட வேண்டுமாம். இடம் காட்டக் கூட்டிப்போனார். தம்பி வீட்டுக்கு மேலே, அதே சரிவில். ஏழுமலையும் வந்திருந்தார்.

"எவ்ளோ தண்ணி வரும், எங்க வுடுவ?" என்று தம்பி கேட்டார்.

"இப்பிடி ஓரமா கொண்டாந்து ஓடைல வுடுவேன்."

"ஓரமான்னா? அங்க என் கெணறு இருக்குது."

"உன் கெணத்துல யாரு வுடப் போறா? பாறைக்கு அந்தாண்ட."

"பாறைக்கு அந்தாண்ட தண்ணி ஏறாது. இங்க வந்து நின்னு பாரு."

இருவரும் இறங்கிப் போய்ப் பாறையருகே நின்று கையை நீட்டி நீட்டிப் பேசினார்கள். குரல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. என் பையில் அளவு நாடாவும் பேப்பரும் இருந்தன. நான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் பேசி முடித்துத் திரும்பி வரும்வரை எதையும் வெளியே எடுக்கவில்லை.